ஏற்காட்டுக்குப் பேக்கேஜ் டிக்கெட் எடுக்கலாமா?

போன அத்தியாயம் வெளியான பிறகு வந்த குரல்செய்திகளில் ஒன்று சேலத்திலிருந்து வந்தது. அதை அப்படியே சொல்கிறேன்: "சார், மே மாசம் கோடை விழாவுக்கு ஏற்காடு போலாம்னு இருக்கோம். நானு, வீட்டுக்காரரு, பையன், அப்புறம் எங்கம்மா. கவர்மென்ட் பஸ்ல பேக்கேஜ் விடுறாங்கல்ல, தலைக்கு 300 ரூபா. எடுத்தா கட்டுப்படி ஆகுங்களா? அம்மா சின்ன வயசுல அங்க எஸ்டேட்ல இருந்தவங்க. ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்னு சொல்லிட்டே இருக்காங்க."

வரலாறு பேசுகிற நிகழ்ச்சிக்கு டிராவல் ஏஜென்ட்கிட்ட கேட்கவேண்டிய கேள்வி வந்திருக்கேன்னு முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், "மொத்தமாகக் காசு கட்டினால் லாபமா, தனித்தனியாகக் கட்டினால் லாபமா" என்பது இரண்டு நூற்றாண்டாகப் பயணிகள் கேட்டுவருகிற கேள்வி. அந்த 300 ரூபாய்க்குப் பின்னால் ஒரு மலையின் கதையே இருக்கிறது. அதனால் இந்த வாரம் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

தெரியாதவர்களுக்காக: ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் நாட்களில், மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி எல்லாம் இருக்கும்போது, சேலத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் பேக்கேஜ் பேருந்து விடுகிறது. அண்மை ஆண்டுகளில் கட்டணம் தலைக்கு 300 ரூபாய். காலையில் ஏறினால் சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், ரோஜாத் தோட்டம், ஏரி என்று சுற்றிக் காட்டிவிட்டு மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். நாலு பேருக்கும் முழு டிக்கெட் என்று வைத்தால் 1,200 ரூபாய். வெளிநாட்டு நகரங்களில் 'சிட்டி பாஸ்' என்று விற்கிறார்களே, அதற்கு நம்ம ஊரில் இருக்கிற நெருங்கிய சொந்தம் இதுதான்.

இந்த வியாபாரத்தின் ஆதி கதை இங்கிலாந்தில் இருக்கிறது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் ஊரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்குச் சுமார் 500 பேரை ஒரு தனி ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். எங்கே போனார்கள் தெரியுமா? மதுவிலக்குக் கூட்டத்துக்கு! இன்றைக்கு மலைவாசஸ்தலத்துக்குப் பேக்கேஜில் போகிற நம் இளவட்டங்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். குக் கண்டுபிடித்தது ரொம்ப எளிமையான விஷயம். ரயில் கம்பெனியிடம் மொத்தமாகப் பேசினால் விலை குறையும். அந்தக் குறைந்த விலையில் கொஞ்சத்தைப் பயணிக்குக் கொடுத்து, கொஞ்சத்தைத் தான் வைத்துக்கொள்ளலாம். 1868-ல் ஓட்டல் கூப்பன் வந்தது. பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, போகிற ஊரில் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போதும்.

அந்தக் கூப்பனில்தான் சூட்சுமம் நுழைகிறது. சீட்டுப் புத்தகம் வாங்குகிற எல்லோரும் எல்லாச் சீட்டையும் கிழிக்க மாட்டார்கள். காய்ச்சல் வரும், மழை வரும், "போதும், வீட்டுக்குப் போலாம்"னு தோணும். கிழிக்காத சீட்டு விற்றவனுக்கு லாபம். ஐரோப்பா முழுக்க ரயிலில் சுற்றுகிற யூரெய்ல் பாஸ் 1959-ல் வந்தது. அமெரிக்காவில் சிட்டி பாஸ் நிறுவனம் 1997-ல் தொடங்கியது. எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். பாஸ் வாங்குகிறவர் தன்மேலேயே பந்தயம் கட்டுகிறார்: "நான் இத்தனை நாளில் இத்தனை இடம் பார்த்துவிடுவேன்" என்று.

அந்தப் பந்தயத்தில் நான் தோற்றிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டு நகரம் ஒன்றில் 2 நாள் பாஸ் வாங்கினேன். ஆறு அருங்காட்சியகம் பார்த்தால்தான் போட்ட காசு வரும். நாலாவது இடத்தில் முழங்கால் விட்டுப்போச்சு. நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே இருந்த ஓவியத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் இல்லாமல் போயிருந்தால் இரண்டு இடம் பார்த்திருப்பேன், ரெண்டும் ஞாபகம் இருந்திருக்கும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். இந்திய ரயில்வே வெளிநாட்டவருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் 'இன்ட்ரெய்ல் பாஸ்' என்று ஒன்று விற்றது. அரை நாளிலிருந்து 90 நாள் வரைக்கும் உண்டு. விலை டாலரில். முன்பதிவுக் கட்டணம், அதிவேக ரயில் கூடுதல் கட்டணம் எல்லாம் அதிலேயே அடக்கம். கணக்குப் போட்டால் பெரும்பாலும் நஷ்டம்தான், ஏனென்றால் இங்கே சாதாரண டிக்கெட்டே மலிவு. தினமும் ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டு நாட்டையே சுற்றினால் ஒழிய அந்தக் காசு திரும்பாது. ஆனாலும் வாங்கினார்கள். கவுன்டர் கவுன்டராக அலைந்து, ஃபாரம் நிரப்பி, "நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் அந்த டாலர். 2017-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இதே ரயில்வேயில் உள்ளூர்க்காரர்களுக்கு சுற்றுப் பயண டிக்கெட் என்று ஒன்று உண்டு. ராமேஸ்வரம், காசி என்று கிளம்புகிறவர்கள் எடுப்பார்கள். கிளம்பின ஊருக்கே திரும்பி வரணும். நடுவில் அதிகபட்சம் எட்டு ஊரில் இறங்கலாம். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதால் இதில் நிஜமாகவே லாபம் இருக்கு. டாலர் பாஸ் அளவுக்கு இதற்குப் பெயர் கிடைக்கவில்லை, அது வேற கதை.

இப்போது ஏற்காடு. இங்கே அந்த 300 ரூபாய் எதை விற்கிறது என்று கேட்கணும். மாமல்லபுரத்தில் 40 ரூபாய் டிக்கெட் எடுத்தால் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் பார்க்கலாம். அங்கே வேலி இருக்கு, கேட் இருக்கு, அதனால் சேர்த்து விற்க முடிகிறது. ஏற்காட்டில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மலைச்சரிவும் மேகமும் கீழே தெரிகிற சேலம் நகரமும். மேகத்துக்குக் கேட் கிடையாது. பூங்காவுக்கும் படகுக்கும் ஏதோ கட்டணம் உண்டு, அவ்வளவுதான். அங்கே செலவு என்பது எப்போதுமே மலை ஏறுகிற செலவு.

அது இன்று நேற்று வந்த செலவும் இல்லை. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது மலையை ஆள்கிறவர், மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வருகிற பெயர்.) அவர்களுக்கு ஏறுகிற செலவு கிடையாது, கால் இருந்தது. துரைமார்களுக்குத்தான் குதிரையும், டோலியும், மூட்டை தூக்க ஆளும் தேவைப்பட்டது. அன்றைய பேக்கேஜ் இன்னொரு மனிதரின் தோள்மேல் போனது.

1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்தது. சேலம் அந்தப் பாதையில் இருக்கிறது. மலையடிவாரத்துக்குக் கிட்டத்தட்ட ரயில் வந்துவிட்டது. ஆனால் மேலே ஏறவில்லை. நீலகிரிக்கு அந்த யோகம் வாய்த்தது. 1870-லிருந்து மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு மூட்டை கட்டியது. 1899-ல் மலை ரயில் குன்னூரைத் தொட்டது, 1908-ல் ஊட்டிக்கே போனது. கவர்னர் போகிற இடத்துக்குத் தண்டவாளம் போகும், காப்பித்தோட்டக்காரர் மட்டும் இருக்கிற இடத்துக்குப் போகாது.

கவர்னர் வராததால் ஏற்காட்டுக்கு நஷ்டம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டக்காரர்களும் பாதிரிமார்களும் பள்ளிக்கூடங்களும் (மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் வந்தது) இருந்த சின்ன ஊராகவே அது தங்கியது. பின்னால் மோட்டார் பஸ் வந்தபோது, சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு, காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்ற தூரத்தில் மலை கிடைத்தது. அறை எடுத்துத் தங்க வசதி இல்லாத குடும்பம்கூடக் குளிர் பார்க்க முடிந்தது. 'ஏழைகளின் ஊட்டி' என்ற பட்டப்பெயர் அதனால்தான். பலர் அதைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒரு ஊருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பட்டமாகத்தான் படுகிறது.

இந்த இடத்தில் பேக்கேஜ் பேருந்தின் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட்... ஏற்காட்டில் ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட்கூட உண்டு. வெள்ளைக்காரர் குடும்பங்கள் சாயங்காலம் காற்று வாங்க உட்கார்ந்த பாறைகள் இவை. காப்பித்தோட்ட துரைமார்களின் மாலை நடைதான் இன்றைக்கும் நம் சுற்றுலாப் பாதை. பட்டியலில் இருப்பவற்றில் சேர்வராயன் கோயில் மட்டும்தான் மலையாளி மக்களின் சொந்த இடம். மலையுச்சியில் ஒரு குகைக்கோயில், மே மாதத்தில் திருவிழா. அன்று அந்த மக்கள் கூடுகிற காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே போய்ச் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பினால் கோயிலில் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம் என்று.

பட்டியலில் வராத இடங்களும் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற பெயர் இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்பவர்களுக்குப் பழக்கம்தான். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். இந்தியாவில் மனித வரலாறு எவ்வளவு பழையது என்ற கேள்வியையே மாற்றிப் போட்டவர். ஓய்வுக்காலத்தில் அவர் வீடு எடுத்துத் தங்கியது ஏற்காட்டில். இந்த மலையிலும் கற்கருவிகளைப் பொறுக்கினார். அவர் நினைவு ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி சர்ச்சில் இருக்கிறது. நான் பார்த்த எந்தப் பேக்கேஜ் நோட்டீஸிலும் அந்தச் சர்ச் இல்லை. பஸ் அதன் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தாலும் நிற்காது.

அதே மாதிரி எஸ்டேட்டுகளும் இல்லை. காப்பி நட்டது காக்பர்ன் என்று படிக்கிறோம். செடியைப் பராமரித்ததும் பழம் பறித்ததும் யார்? மலைவாழ் மக்களும், கீழே சமவெளியிலிருந்து வேலைக்குப் போன குடும்பங்களும். அவர்கள் இருந்த லைன் வீடுகள் எந்தக் காட்சிமுனையிலிருந்தும் தெரியாத பள்ளத்தில் இருக்கும். நேயரின் அம்மா பார்க்க ஆசைப்படுவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

பதில் சொல்வதற்கு முன் இன்னொரு விஷயம். 'பாஸ்' என்று சொன்னால் தமிழ்நாட்டில் இப்போது ரெண்டு அர்த்தம். ஒன்று நாம் பழகின பஸ் பாஸ். சென்னையில் 1,000 ரூபாய் மாதப் பாஸை எடுத்துவிட்டு, "இருபது நாள் போனாலே காசு வந்துரும்" என்று விரல் விட்டு எண்ணுகிற கணக்கு. இன்னொன்று 2020-ல் கற்றுக்கொண்ட இ-பாஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று அறிவித்தபோதும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு இவற்றுக்கு வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் அது தொடர்ந்தது. ஏழைகளின் ஊட்டிக்கு முதல் தடவையாக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பிறகு அது போய்விட்டது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது திரும்பி வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்கே போகிற வாகனங்களுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரலில் எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதற்குக் கட்டணம் கிடையாது. சிட்டி பாஸ் "இன்னும் நாலு இடம் பார், காசு மிச்சம்" என்று நம்மைத் தள்ளுகிறது. இ-பாஸ் "இவ்வளவு பேர் போதும்" என்று மலைக்காகப் பேசுகிறது. ஏற்காட்டுக்கு அந்த உத்தரவு இல்லை. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அந்த 20 வளைவுகளில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வதைப் பார்த்தவர்கள், எவ்வளவு நாளைக்கு இப்படி என்று கேட்டுக்கொள்ளத்தான் செய்வார்கள். அந்தக் கோணத்தில், 50 பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றுகிற பேக்கேஜ் 12, 13 காரைச் சாலையிலிருந்து குறைக்கிறது. இந்த நியாயத்தை அதன் நோட்டீஸில் யாரும் அச்சடிப்பதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். சகோதரி, உங்கள் வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்க்கணும், கார் இல்லை, வளைவில் ஓட்ட யாருக்கும் தைரியம் இல்லை என்றால், யோசிக்காமல் எடுங்கள். தலைக்கு 300 ரூபாயில் மலை ஏறி, உள்ளே சுற்றி, இறங்குவதற்குத் தனி வண்டி கிடைக்காது. கவுன்டரில் ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: பூங்கா, படகுக் கட்டணம் இதில் சேர்த்தியா, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்கும்? மொத்தம் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற இறங்க ரெண்டரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, இடத்துக்கு இடம் ஓட ரெண்டு மணி போனால் மிச்சம் நாலரை மணி. எட்டு இடம் என்றால் ஒன்றுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். பையனுக்கு அது போதும். வயசானவங்க பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏறுறதுக்குள்ளேயே கண்டக்டர் விசில் அடிச்சிடுவார்.

அம்மாவுக்கு இந்த டிக்கெட் வேண்டாம். விழா நாளும் வேண்டாம். ஜூன் மாசம் ஒரு செவ்வாயோ புதனோ, சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து சாதா பஸ் ஏறி ஏற்காட்டில் இறங்குங்கள். ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு, அங்கிருந்து ஒரு ஆட்டோவோ ஜீப்போ அரை நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள். அந்த வாடகை 1,200-ஐத் தாண்டலாம், முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். எஸ்டேட்டுகள் தனியார் இடம், கேட்டில் கேட்டுத்தான் உள்ளே போகணும்.

கிளம்புவதற்கு முன் அம்மாகிட்ட எஸ்டேட் பேரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு போர்டில் ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கும், வேலை செய்தவர்கள் வாயில் வேறு பேர் இருக்கும். மேப்பில் தேடினால் ரெண்டாவது பேர் வராது. ஜீப் ஓட்டுகிறவர் கொஞ்சம் வயசானவரா இருந்தா, அவரிடம் அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள். போய்விட்டு வந்ததும் இன்னொரு குரல்செய்தி அனுப்புங்கள், இந்த தடவை அம்மாவே பேசட்டும். அடுத்த வாரம் சேர்வராயன் மலையிலேயே இருக்கப் போகிறோம், ஃபுட் சேகரித்த கற்களோடு.